பால் பல்லும் மின்சாரமும்

நம் ஊர்ப்பக்கம் பால் பல் விழுந்தால் சாணியில் பொதிந்து கூரை மேல் எறிவது வழக்கம். அந்தச் சின்னப் பல்லுக்குள் உயிருள்ள ஸ்டெம் செல்கள் இருப்பது 2003-ல்தான் உலகத்துக்குத் தெரிந்தது! இதன் கதை எலும்பில் ஆரம்பிக்கிறது.

1791-ல் இத்தாலியின் கால்வானி, செத்த தவளையின் கால் மின்சாரம் பட்டதும் துடித்ததை எழுதி வெளியிட்டார். 1957-ல் ஜப்பானின் ஃபுகாடாவும் யசுதாவும், எலும்பை அழுத்தினால் அதில் மெல்லிய மின்சாரம் உண்டாகிறது என்று காட்டினார்கள். முறிந்த எலும்பு ஒட்டாதவர்களுக்கு மின்தூண்டல் கருவியைப் பயன்படுத்த 1979-ல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது.

எலும்பு ஒட்டும் என்றால் பல் ஏன் வளரக் கூடாது? எனாமலைக் கட்டிய செல்கள் பல் முளைத்ததும் அழிந்துவிடும். எனவே எனாமல் போனால் போனதுதான். அதன் கீழே உள்ள டென்டின் அப்படியல்ல. 2000-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கிரோந்தோஸ், சோங்டாவ் ஷி குழுவினர் ஞானப்பல்லின் கூழிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்தார்கள். அவை டென்டின் போன்ற திசுவை உண்டாக்கின. பிறகு தன் மகளின் விழுந்த பால் பல்லை ஷி பார்த்தார். உள்ளே சிவப்பாகத் திசு! அதுதான் 2003 கண்டுபிடிப்புக்கு வித்து.

அதன்பின் இரண்டு கதைகளும் சேர்ந்தன. ஆய்வகத் தட்டில் இந்தச் செல்களுக்கு மெல்லிய மின்சாரம் கொடுத்துப் பார்க்கிறார்கள். அவை நகர்கின்றன, சுண்ணாம்புச் சத்தைப் படிய வைக்கின்றன. 2014-ல் ஹார்வர்டில் மின்சாரத்துக்குப் பதில் லேசர் ஒளியால் எலியின் பல்லில் டென்டினை வளர்த்தார்கள். 2017-ல் ஜப்பானில், மின்சாரம் இல்லாமலே, 5 பேருக்கு அவரவர் பல் ஸ்டெம் செல்லை வைத்துக் கூழை மீட்கும் சோதனை முடிவு வெளியானது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? இன்று ரூட் கேனால் என்றால் அழுகிய கூழை எடுத்துவிட்டு, கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலால் அடைக்கிறார்கள். பல் நிற்கும், ஆனால் உயிர் இருக்காது. கீரப்பாளையத்துக்காரர்கள் பல்வலிக்குப் போகும் சிதம்பரத்தில், 1980-ல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி இன்று அரசுக் கல்லூரியாக இருக்கும் இடத்திலும் இதே சிகிச்சைதான். உலகம் முழுக்க வழக்கமான முறையும் இதுதான்.

மின்சாரத்தால் பல் வளர்ப்பது இன்னும் ஆய்வகத்தை விட்டு வெளியே வரவில்லை. அதை நம்பி யாராவது பால் பல்லைச் சேமிக்கப் பணம் கேட்டால், நன்றாக விசாரித்துவிட்டுக் கொடுங்கள். சொத்தையைச் சீக்கிரம் அடைத்து, இருக்கும் கூழைக் காப்பாற்றுவதுதான் இப்போதைக்கு நம் கையில் உள்ள வைத்தியம்.