மீரானும் ராம் சிங்கும்

கலை பயில அயல்நாடு சென்றவர்கள் என்றால் நமக்குப் பாரிஸும் லண்டனுமே நினைவுக்கு வருகின்றன. பாலைவனத்திற்குச் சென்ற ஒருவரைப் பற்றி நாம் பேசியதில்லை.

நாயக் ராம் சிங், வங்காளச் சாப்பர்ஸ் படைப்பிரிவின் பஞ்சாபிச் சிப்பாய். தச்சுவேலை, வரைபடம், புகைப்படம் மூன்றும் அறிந்தவர். கலை பயிலவென்று அவர் போகவில்லை. ஆரல் ஸ்டைனின் 1906-08 மத்திய ஆசியப் பயணத்திற்குப் பணியாளாகவே போனார். ஆனால் அயல்நாட்டுச் சுவரோவியங்களை விரல்நுனியால் அறிந்த இந்தியர் அக்காலத்தில் வேறு எவருண்டு?

தக்லமகானின் தென்கிழக்கு ஓரத்தில், லோப் நோருக்கு அண்மையில் உள்ளது மீரான். அங்கே இடிந்த பௌத்தக் கோயில்களில் 1907இல் அவ்வோவியங்கள் வெளிப்பட்டன. சிறகு முளைத்த இளைஞர்கள். அகன்ற, பக்கவாட்டில் நோக்கும் விழிகள். ரோமின் நிழல் படிந்த முகங்கள் என்றார் ஸ்டைன். யானையைத் தானமளித்த வெஸ்ஸந்தரனின் கதையும் ஒரு சுவரில் இருந்தது. அந்த யானையின் தொடையில் கரோஷ்டி எழுத்தில் ஒரு வரி: இதை வரைந்தவன் தீதா, அதற்காக 3000 பம்மகம் பெற்றான். தீதா என்பது டைட்டஸ் என்ற பெயரின் திரிபு என்பது ஸ்டைனின் ஊகம். எனக்கு அந்த ஊகத்தைவிடக் கூலிக்கணக்கே முக்கியமாகப்படுகிறது. எங்கள் பவானி ஜமக்காளத்தில் நெய்தவர் பெயர் இருப்பதில்லை. சித்தன்னவாசலில் இளங்கௌதமனின் பெயர் கல்வெட்டில் நிற்கிறது என்றால், அது புதுப்பித்த ஆசிரியனாக. தூரிகை பிடித்தவனாக அல்ல.

வைக்கோல் கலந்த களிமண் பூச்சின்மேல் தீட்டியவை அவை. தொட்டால் உதிரும். பூச்சைச் சுவரிலிருந்து பிரித்து, பின்புறம் பசையால் துணி ஒட்டி, பெட்டியில் அடைக்க வேண்டும். எஞ்சியவற்றை அவ்வாறு எடுத்துவர, 1908இல் ராம் சிங்கை மீரானுக்கு அனுப்பிவிட்டு ஸ்டைன் வேறு வழியே சென்றார். கடும் தலைவலி தொடங்கியும் ராம் சிங் வேலையை நிறுத்தவில்லை. ஒரு கண் போயிற்று. சில நாட்களில் மற்றதும். பார்வை திரும்பிவிடும் என்று அங்கேயே காத்திருந்தவரைப் பிறகு கைபிடித்து அழைத்து வந்தார்கள். கண் அழுத்த நோய், குணமாகாது என்றார் யார்க்கண்டின் ஸ்வீடிஷ் மிஷனரி மருத்துவர்.

இங்கே கண்ணப்பரை நினைத்துக்கொள்வது எளிது. ஆனால் இது பக்தியல்ல, சம்பளத்திற்கான வேலை.

ஸ்டைனின் பரிந்துரையால் தனி ஓய்வூதியம் கிடைத்தது. அதைப் பெற்று அவர் நெடுநாள் வாழவில்லை. 1914இல் ஸ்டைன் மீண்டும் மீரான் சென்றபோது, இடையில் வந்த ஒரு ஜப்பானியரின் முயற்சியால் சுவரின் ஒரு பகுதி சிதைந்துபோயிருந்தது. மிஞ்சியதை அவர் பெயர்த்து வந்தார். மீரான் ஓவியங்கள் டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ராம் சிங்கின் கதை, ஸ்டைன் 1912இல் வெளியிட்ட பயணநூலில் இருக்கிறது.