ஊர் திரும்புதல்: பர்மாத் தமிழர் வரலாறு கூறும் உண்மை

தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் குடும்பங்களில் ஒரு வினா ஆண்டுதோறும் எழுவதுண்டு. கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்று திரும்பும் புகைவண்டியிலேயே அது தொடங்கிவிடும். பணி ஓய்வு பெற்றபின் ஊரோடு போய்விடுவதா, அல்லது இங்கேயே இருந்துவிடுவதா என்பதே அவ்வினா. வீட்டுப் பெரியவர்கள் ஊர்க் கோயிலையும் உறவையும் எண்ணிப் பேசுவர். பிள்ளைகள் தங்கள் பள்ளியையும் நண்பர்களையும் எண்ணி வாய்மூடி இருப்பர். முடிவில், 'இன்னும் காலம் இருக்கிறது. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்' என்ற சொல்லோடு பேச்சு முடியும்.

இவ்வினாவை ஒரு முறையன்று, கால் நூற்றாண்டுக்குள் நான்கு முறை எதிர்கொண்ட தமிழ்ச் சமுதாயம் ஒன்று உண்டு. அதுவே பர்மாத் தமிழர் சமுதாயம். அவர்களுடைய வரலாற்றை நாம் பெரும்பாலும் துன்பக் கதையாக மட்டுமே கேட்டிருக்கிறோம். ஊர் திரும்புவதா, இருப்பதா என்று எண்ணிக்கொண்டிருக்கும் நமக்கு, அது ஒரு பாடமாகவும் அமையக் காண்கிறோம்.

கடல் கடந்தும் அயல்நாடு ஆகாத நாடு

தமிழர்க்கும் பர்மாவுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. பழைய தலைநகராகிய பகானில், பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. அங்கிருந்த 'நானாதேசி விண்ணகர்' என்னும் திருமால் கோயிலுக்குச் சேர நாட்டு வணிகர் ஒருவர் செய்த திருப்பணியை அது குறிக்கிறது. ஆயினும் நம்மவர் பெருந்திரளாக அங்குச் சென்றது ஆங்கிலேயர் காலத்திலேதான்.

1852-ல் நடந்த இரண்டாம் போருக்குப்பின் கீழைப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1886-ல் நாடு முழுவதும் இந்தியப் பேரரசோடு இணைக்கப்பட்டது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐராவதி ஆற்றுப் படுகையின் அரிசிக்கு உலகச் சந்தை பெருகியது. காடு திருத்தி வயலாக்கக் கடன் தேவைப்பட்டது. அறுவடைக்கும் ஆலைக்கும் ஆள் தேவைப்பட்டது. கடன் கொடுக்க நாட்டுக்கோட்டை நகரத்தார் சென்றனர். உடலுழைப்பு நல்கத் தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரக் கடற்கரையிலிருந்தும் ஏழை மக்கள் மேஸ்திரிகளின் முன்பணம் பெற்றுக் கப்பலேறினர்.

இவர்களுள் எவரும் தாயகத்தை விட்டு நீங்கியதாக அன்று கருதவில்லை. நகரத்தார் கடைகளில் ஏஜெண்டாகச் சென்றவர் மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்புவது வழக்கம். கூலி வேலைக்குச் சென்றோரும் சில ஆண்டுகள் பொருள் ஈட்டி மீள்வதையே எண்ணிச் சென்றனர். திரும்புதல் என்பது அவர்தம் பயணத்திலேயே அடங்கியிருந்தது. இரு கரைகளும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தமையால், கப்பல் கட்டணம் ஒன்றே தடையாக இருந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கின்படி பர்மாவில் வாழ்ந்த இந்தியர் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர். அன்றைய இரங்கூன் நகர மக்கள் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேரில் பாதிக்கு மேல் இந்தியரே.

இந்நிலை 1930-களில் மாறியது. உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை வீழ்ந்தது. கடனைத் தீர்க்க இயலாத பர்மிய உழவர்களின் நிலங்கள் கடன் கொடுத்தோர் கைக்கு வந்தன. நெல் விளையும் முதன்மையான பதின்மூன்று மாவட்டங்களில், 1930-ல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த நகரத்தார் நிலம், 1938-ல் நூற்றுக்கு இருபத்தைந்து பங்காயிற்று. நிலத்தை விரும்பிப் பெற்றவர் சிலரே. திரும்பாத கடனுக்கு ஈடாகப் பெற்றவரே பலர். எனினும் நிலமிழந்த உழவனின் கண்ணுக்கு அவ்வேறுபாடு தெரியுமா? அவன் உள்ளத்தில் மூண்ட கசப்பை நாம் மறைத்துப் பேசுதல் முறையன்று. 1930-லும் 1938-லும் இந்தியர்க்கெதிரான கலவரங்கள் நிகழ்ந்தன. 1937 ஏப்ரல் முதல் நாள் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அன்று காலை பர்மாத் தமிழர் எவரும் தம் வீட்டை விட்டு ஓர் அடியும் பெயரவில்லை. ஆயினும் அவர்கள் இருந்த இடம் வேறு நாடாகியிருந்தது.

முதல் இரு முடிவுகள்

1941 டிசம்பர் 23 அன்று சப்பானிய விமானங்கள் இரங்கூன்மீது குண்டு வீசின. 1942 மார்ச்சு மாதத்தில் நகரம் வீழ்ந்தது. இருப்பதா, போவதா என்ற வினாவுக்கு விடை காண மாதங்கள் இல்லை. சில நாள்களே இருந்தன. கப்பலில் இடம் பெற்றவர் சிலர். ஏனையோர் அரக்கான் மலைகளைக் கடந்தும், தமு வழியாக மணிப்பூருக்கும், வடக்கே ஊக்காங் பள்ளத்தாக்கு வழியாக அசாமுக்கும் நடந்தனர். ஏறத்தாழ நான்கைந்து இலட்சம் மக்கள் அவ்வாண்டு இந்தியா வந்து சேர்ந்தனர் என்பர். காலராவாலும் மலைக் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பல்லாயிரவர். ஐரோப்பியர்க்கு ஒரு வழி, இந்தியர்க்கு ஒரு வழி என்ற பாகுபாடு அன்றே நாட்டுத் தலைவர்களால் கண்டிக்கப்பட்டது.

போர் 1945-ல் முடிந்தது. இரண்டாம் முறையாக அதே வினா எழுந்தது. நடந்து வந்த அவர்களுள் பலர் மீண்டும் பர்மாவுக்கே செல்ல விரும்பினர் என்பது இன்று நமக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் அவர்களுடைய கடையும் நிலமும் கணக்குப் புத்தகமும் அங்கிருந்தன. பிள்ளைகள் பிறந்த இடம் அது. சொந்தக் கிராமத்திலோ, அவர்கள் விட்டுச் சென்ற பங்கை உடன்பிறந்தார் உழுதுகொண்டிருந்தனர். 1947-ல் பர்மிய அரசு குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. தடையின்றிச் சென்றுவந்த கடலைக் கடக்க, இப்போது அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று.

மூன்றாம் முடிவு: ஒரு விண்ணப்பத் தாள்

1948 சனவரி 4 அன்று பர்மா விடுதலை பெற்றது. 1942-க்கு முன்போ விடுதலைக்கு முன்போ உள்ள பத்தாண்டுகளில் எட்டாண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்து, அங்கேயே நிலைத்திருக்க எண்ணியோர், விண்ணப்பித்துப் பர்மியக் குடிமக்கள் ஆகலாம் என்று அந்நாட்டு அரசியல் சட்டம் வழி செய்தது. இதுவே இவ்வரலாற்றின் முக்கியக் கட்டம் என்று நாம் கருதுகிறோம். போரோ கலவரமோ துரத்தாமல், ஒரு தாளின்மீது முடிவெடுக்கக் கிடைத்த வாய்ப்பு அது.

அவ்வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டோர் ஒரு பகுதியினரே. எழுத்தறியாத உழைப்பாளிகள் பலர்க்கு எட்டாண்டு வாழ்வை மெய்ப்பிக்கும் சான்று இல்லை; போரில் அவை எரிந்துபோயின. விண்ணப்பித்தும் விடை வாராமல் காத்திருந்தோர் உண்டு. சான்றும் வசதியும் உடைய பலரோ, இந்தியக் குடியுரிமையை இழக்க மனமின்றியும், பர்மிய வாழ்வை விட மனமின்றியும் காலத்தை நீட்டித்தனர். அயலார் பதிவுச் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டு, பிறந்த ஊரிலேயே அயலாராக வாழ்ந்தனர். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஏனெனில், 'அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்' என்பது நம் வீடுகளிலும் வழங்கும் சொல்லே அன்றோ?

நான்காம் முடிவு: பிறர் எடுத்தது

1962 மார்ச்சு 2 அன்று படைத்தலைவர் நீ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963-ல் வங்கிகள் அரசுடைமையாயின. 1964 மார்ச்சில் இரங்கூன் நகரக் கடைகள் அரசுடைமையாயின. அவ்வாண்டு மே 17 அன்று ஐம்பது கியாத், நூறு கியாத் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. தலைமுறைகளின் சேமிப்பு ஒரு நாளில் வெறும் காகிதமாயிற்று. இச்சட்டங்கள் பர்மியர்க்கும் பொதுவாயினும், வணிகத்தையே வாழ்வாகக் கொண்டிருந்த இந்தியர்க்கு அவை இருக்க இடமில்லை என்று கூறியதற்கு ஒப்பாயின.

இந்திய அரசு அனுப்பிய கப்பல்களில் நம்மவர் சென்னைத் துறைமுகம் வந்து இறங்கினர். நகையும் பணமும் எவ்வளவு கொண்டுவரலாம் என்பதற்குக் கடுமையான வரையறை இருந்தது. 'தாயகம் திரும்பியோர்' என்று அவர்களுக்கு அரசு பெயரிட்டது. ஆனால் அவர்களுள் இளையோர் பலர் தமிழகத்தை அதற்கு முன் கண்டதே இல்லை. காணாத ஊருக்குத் திரும்புதல் எங்ஙனம்? பேச்சில் பர்மியச் சொல் கலந்தது. உணவில் அத்தோவும் மொய்ங்காவும் விடாமல் தொடர்ந்தன. சென்னைக் கடற்கரை நிலையத்தின் எதிரே 1969-ல் அமைந்த பர்மா பசாரும், தமிழக நகரங்கள் சிலவற்றில் 'பர்மா' என்ற பெயர் தாங்கி நிற்கும் குடியிருப்புகளும் அவர்தம் உழைப்புக்கும் ஏக்கத்துக்கும் ஒருசேரச் சான்றாக நிற்கின்றன.

எல்லையில் நின்ற தமிழர்

வந்தவர்களுள் ஒரு சாரார் செய்த செயல் நம் சிந்தனைக்குரியது. முகாம் வாழ்வு ஒவ்வாமலும், விட்டுவந்த உறவையும் தொழிலையும் மறக்க இயலாமலும், அவர்கள் மீண்டும் பர்மா செல்லப் புறப்பட்டனர். கடல்வழி அடைபட்டமையால், நாட்டின் குறுக்கே பயணம் செய்து, மணிப்பூரின் எல்லையூராகிய மோரேயை அடைந்தனர். 1942-ல் பர்மாவிலிருந்து உயிர் தப்பி நடந்து வந்தோரின் தமு வழி அதுவே. இப்போது அதே வழியில் எதிர்த்திசையில் நடந்தனர். பர்மியக் காவலர் அவர்களைத் திருப்பி அனுப்பினர். முன்னே செல்ல வழியில்லை. பின்னே செல்ல மனமில்லை. எனவே நின்ற இடத்திலேயே தங்கினர்.

அன்று சிற்றூராக இருந்த மோரே, வணிக நகராக வளர்ந்ததில் அவர்தம் பங்கு பெரிது. பர்மிய மொழியும் அவ்வணிகமும் அறிந்தவர்கள் என்பதே அவர்களுக்கு முதலாயிற்று. அங்காள பரமேசுவரி, முனீசுவரர் கோயில் அங்கு எழுந்தது. தமிழ்ச் சங்கமும் அமைந்தது. 1995-ல் எல்லை வணிகம் முறைப்படித் திறக்கப்பட்டது. ஆயினும் 1990-களில் அப்பகுதியில் மூண்ட இனப் பூசல்களால் பலர் வெளியேறினர். 2023 மே மாத வன்முறையில் அங்குள்ள தமிழர் வீடுகள் சிலவும் தீக்கிரையாயின. இருந்தும் தமிழ்க் குடும்பங்கள் சில அவ்வூரை விட்டு அகலவில்லை. எது ஊர் என்று அவர்களைக் கேட்பின், தமிழகத்தையும் சொல்லார், பர்மாவையும் சொல்லார். மோரேயையே சொல்வர் போலும்.

பர்மாவிலேயே தங்கிவிட்ட தமிழரும் உளர். கீழைப் பர்மாவின் ஊர்களில் அவர்தம் கோயில்கள் இன்றும் வழிபாட்டில் உள்ளன. 1982-ல் வந்த குடியுரிமைச் சட்டம் குடிமக்களை மூன்று தரமாகப் பிரித்தபோது, பல தலைமுறையாக அங்கு வாழ்ந்தோரும் தம் முன்னோரின் சான்றுகளைத் தேடவேண்டியவராயினர்.

நமக்கு உரிய பாடம்

இவ்வரலாறு, 'ஊர் திரும்புக' என்றும் கூறவில்லை. 'இருந்துவிடுக' என்றும் கூறவில்லை. திரும்பியோரும் தவித்தனர், தங்கியோரும் தவித்தனர். 1948-ல் அமைதியான முடிவுக்குக் கிடைத்த காலம் வீணாயிற்று என்பதையும், 1964-ல் அம்முடிவை வேறொருவர் எடுத்தார் என்பதையுமே அது நமக்குக் காட்டுகிறது.

இந்திய நாட்டுக்குள் வாழும் நமக்கு ஒரு பேறு உண்டு. நாட்டின் எப்பகுதிக்கும் செல்லவும், எப்பகுதியிலும் குடியிருக்கவும் நம் அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு உரிமை அளிக்கிறது. நமக்குத் திரும்பும் கதவு அடைபடுவதில்லை. ஆனால் கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகளின் நிலை வேறு. அயல்நாட்டுக் குடியுரிமையைத் தாமே விரும்பிப் பெற்றால், இந்தியக் குடியுரிமை நீங்கிவிடும். 2005-ல் நடைமுறைக்கு வந்த வெளிநாடுவாழ் இந்தியர் அட்டை வந்துபோகவும் தங்கவும் உதவும். வாக்குரிமையோ, விளைநிலம் வாங்கும் உரிமையோ தாராது. இதனை அவர்களும் நாமும் தெளிவாக அறிந்தபின் முடிவெடுப்பது நலம்.

எனவே நம் இல்லங்களில் செய்யத்தக்கன சில உள. பிறப்புச் சான்று, நிலப் பத்திரம், பள்ளிச் சான்று ஆகியவற்றைப் பேணுவோம். ஊர் என்று நாம் சொல்லும்போது பிள்ளைகள் எதனை ஊர் என்று எண்ணுகின்றனர் என்று அவர்களையே கேட்போம். திரும்புவதானால், ஊர் நாம் விட்டுவந்தபடியே இருக்கும் என்று நம்பாமல், கைகால் வலுவுள்ளபோதே திரும்புவோம். இருப்பதானால், இருக்கும் மண்ணின் மொழியைக் கற்று, அம்மக்களின் இன்ப துன்பத்தில் பங்குகொண்டு, அவ்வூராராகவே இருப்போம். பர்மிய உழவனின் கசப்பை நம்மவர் காணத் தவறியதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

அடுத்த கோடையில், ஊரிலிருந்து திரும்பும் புகைவண்டியில் அவ்வினா மீண்டும் எழும். அப்போது, எல்லை வாயிலில் மறிக்கப்பட்டு நின்ற அத்தமிழரை ஒருகணம் நினைந்து, அவ்வினாவைத் தள்ளிவைக்காமல், வீட்டார் அனைவரும் கூடிப் பேசத் தொடங்குவோமாக.