மாருச் சூடு

மார்கழி, தை வந்தா கல்வராயன் மலையில ராத்திரி பனி கொட்டும். எங்க வீட்டுக் கெழவிங்க பச்சப்புள்ளயத் தூளியில விடாம, தாயோட மாருல சேத்துப் பழம்புடவையால சுத்திடுவாங்க.

இதையே மருத்துவ முறையாக்குனவர் எட்கர் ரே சனாப்ரியா. கொலம்பியாவின் பொகோட்டா நகரம். அதுவும் மலைமேல இருக்குற குளிர் ஊருதான். 1978ல அங்க ஆஸ்பத்திரியில இன்குபேட்டர் பத்தல. குறைமாசக் குழந்தைக்குத் தோலுக்கடியில கொழுப்பு கம்மி, சூடு சீக்கிரம் போயிடும். அதனால தாயின் வெறும் மார்பில் கட்டி வைக்கச் சொன்னார். கங்காரு முறைன்னு பேரு வந்துச்சு.

இந்தியாவும் சேர்ந்த 5 நாட்டு ஆய்வு 2021ல வெளியாச்சு. எடை குறைஞ்ச குழந்தைய, உடம்பு தேறட்டும்னு காத்திருக்காம பிறந்த உடனே இப்படி அணைச்சா, சாவு நாலுல ஒரு பங்கு குறையுதாம்.

மூடின வீட்டுல கணப்புச் சட்டி வைக்காதீங்க, புகை ஆளைக் கொல்லும். அம்மாவால முடியலன்னா அப்பாவும் அணைக்கலாம்.