முன்சீப் கோர்ட்டில் பிறந்த தமிழ் நாவல்

தமிழின் முதல் நாவல் எது? பிரதாப முதலியார் சரித்திரம். எழுதியவர்? மாயூரம் வேதநாயகம் பிள்ளை. வருஷம்? 1879. ஒரு மார்க் கேள்விக்கு இது போதும். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் புத்தகத்தோட உறவு அதோட முடிஞ்சு போச்சு. படிச்சவங்களைக் கேட்டாலும், "பழசு சார், கதைக்குள்ள கதை, நடுநடுவுல உபதேசம்"னு ஒதுங்கிடறாங்க. அவங்க சொல்றதிலும் உண்மை இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

எனக்கு இருந்த கேள்வி வேற. அதுக்கு முன்னாடி தமிழில் உரைநடைன்னா பெரும்பாலும் உரைகள், மதப் பிரசாரம், பாடப் புத்தகம், தெருவில் விற்ற கதைப் புத்தகங்கள் இவைதான். அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 1875ல் வந்த ஆதியூர் அவதானி சரிதம் கூட செய்யுள்தான். அப்படி இருக்கும்போது ஒரு மனுஷனுக்கு நூற்றுக்கணக்கான பக்கம் வசனத்திலேயே கதை சொல்ற கை எங்கிருந்து வந்தது?

பதில் அவர் பார்த்த வேலையில் இருக்குன்னு நினைக்கிறேன்.

வேதநாயகம் பிள்ளை பிறந்தது 1826ல், திருச்சி பக்கம் குளத்தூரில், ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில். அவருக்குத் தமிழும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்த தியாகராச பிள்ளையே ஒரு கோர்ட் மொழிபெயர்ப்பாளர். சிஷ்யரும் அதே வழியில் போனார். திருச்சி கோர்ட்டில் முதலில் ஆவணக் காப்பாளர், அப்புறம் மொழிபெயர்ப்பாளர், 1857ல் தரங்கம்பாடியில் முன்சீப். (தரங்கம்பாடியை டேனிஷ்காரங்க பிரிட்டிஷாருக்கு வித்தது 1845ல். ஊர் கைமாறி பன்னிரண்டே வருஷம் ஆகியிருந்த நேரம்.) பிறகு சீர்காழி, கடைசியா மாயூரம். அங்கேதான் பெயரோட ஊரும் ஒட்டிக்கிச்சு.

முன்சீப் கோர்ட்டுக்கு என்ன வரும்? வரப்புத் தகராறு, கடன் பத்திரம், பாகப்பிரிவினை. ஒவ்வொரு வழக்கும் ஒரு கதை, அதுவும் ஒரே கதையை ரெண்டு பேர் ரெண்டு விதமா சொல்றது. அதைக் கேட்டு, எது நடந்திருக்கும்னு தீர்மானிச்சு, காரணத்தோட எழுதணும். தினமும் இதைச் செய்யற ஆளுக்கு வசனம் கைவராமல் எப்படி இருக்கும்?

இன்னொரு வேலையும் செஞ்சார். சதர் அதாலத் என்கிற பழைய மேல் நீதிமன்றத்தின் தீர்ப்புகள் எல்லாம் இங்கிலீஷில் கிடந்தன. 1805 முதல் 1861 வரை உள்ளவற்றைச் சுருக்கித் தமிழில் போட்டு, 1862ல் சித்தாந்த சங்கிரகம்னு வெளியிட்டார். கொடுமை என்னன்னா, அதே 1862ல்தான் சதர் அதாலத்தை மூடிட்டு சென்னை உயர்நீதிமன்றத்தைத் திறந்தாங்க! நம்ம தொழிலில் பழைய சிஸ்டத்துக்கு முழு டாகுமெண்டேஷன் எழுதி முடிக்கிற அன்னிக்கு புது சிஸ்டம் வருமே, அந்த மாதிரி :) மனுஷன் சளைக்கலை. புது நீதிமன்றத்தின் 1862, 63 தீர்ப்புகளையும் தொடர்ந்து மொழிபெயர்த்தார். இந்தப் புத்தகத்தை இன்னிக்கு யாரும் இலக்கியத்தில் சேர்க்கிறதில்லை. என்னைக் கேட்டால் பிரதாப முதலியாருக்கான ஒத்திகை அதுதான். எழுவாய், பயனிலை, காரணம், முடிவுன்னு தெளிவா ஓடற வசனத்தை அவர் அங்கேதான் பழகியிருக்கணும்.

ஆளும் சாதாரண ஆள் இல்லை. நீதிநூலில் கைக்கூலிக்குன்னு தனி அதிகாரமே வச்சவர். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு நெருங்கின சிநேகிதர். ஒரு சைவப் பெரும்புலவர் ஒரு கிறிஸ்தவ முன்சீப் மேல் குளத்தூர்க் கோவை பாடினார்னா அந்த நட்பு எப்படிப்பட்டதுன்னு பார்த்துக்கோங்க. 1871ல் மாயூரத்துக்குப் பாடம் கேட்கப் போன உ.வே.சா.வும் இவரைப் பத்தி எழுதியிருக்கார். மேலே இருந்த வெள்ளைக்கார நீதிபதியோட ஒத்துப்போகாமல் 1872ல் உத்தியோகத்தை விட்டார். அடுத்து வந்த தாது வருஷப் பஞ்சத்தில், சொந்தக் காசைப் போட்டு ஜனங்களுக்குச் சோறு போட்டதைப் புகழ்ந்து கோபாலகிருஷ்ண பாரதியே கீர்த்தனை பாடியிருக்கார்.

இப்போ நாவலுக்கு வருவோம். சத்தியபுரியின் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை பிரதாபன். மாமன் மகள் ஞானாம்பாள் கூடவே படிக்கிறவள், அவனை விடக் கெட்டிக்காரி. பையனைத் தொட பயந்து, வாத்தியார் தன் சொந்த மகனை அடிக்கிற இடம் ஒண்ணு வரும். அந்த நக்கல் இன்னிக்கும் ஆறலை. பிற்பகுதியில் கதை விக்கிரமபுரிக்குப் போனதும் ஒரு செருப்பு வழக்கு வருது. இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுத்த பிரதாபன், "உனக்குச் சந்தோஷம் பண்ணுகிறேன்"ங்கிற மாதிரி வாக்குக் கொடுக்கிறான். தச்சு முடிச்சதும் கூலிக்கு மேலேயே கொடுக்கிறான். தச்சவரோ, "எனக்குச் சந்தோஷம் வரலை, பேசினபடி கொடு"ன்னு நிற்கிறார். வழக்கு, அதைத் தொட்டு பொய் வழக்குகள், கடைசியில் சிறை. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் பேசிக்காமல் ஒப்பந்தம் போட்ட குத்தம்! கிளையண்ட் திருப்தி அடையும் வரைன்னு ஒரு வரி எழுதி மாட்டிக்கிட்டவங்களுக்கு இந்த அத்தியாயம் நல்லாப் புரியும்.

இதை அவிழ்க்கிறது யாருன்னா, ஆண் வேஷத்தில் வந்து, யானை மாலை போட்டு, அந்த ஊருக்கு ராஜாவாகிவிட்ட ஞானாம்பாள். நான் அரசனானதில் உனக்குச் சந்தோஷமான்னு கேட்கிறாள். இல்லைன்னு சொல்ல முடியுமா? "ரொம்பச் சந்தோஷம்." அப்போ வாக்கு நிறைவேறிடுச்சு, கிளம்பு. ஒரு வார்த்தையில் கட்டின முடிச்சை அதே வார்த்தையால் அவிழ்க்கிற இந்த வித்தை மரியாதைராமன் கதையிலும் உண்டு. ஆனால் பொய் வழக்கு எப்படி ஒண்ணு மேல ஒண்ணா ஜோடிக்கப்படுதுங்கிற விவரம், கோர்ட்டில் உட்கார்ந்தவர் கைப்பட்டது.

குறைகளும் இருக்கு. யாருமே மாறுவதில்லை. முதல் அத்தியாயத்தில் நல்லவன் கடைசி வரை நல்லவன். யானையும் தற்செயலும் கதையை நகர்த்துது. செருப்புக் கதையில் சிரிப்பு முழுக்க அந்த ஏழைத் தொழிலாளியின் தலையில்தான் விழுது, அது எனக்கு உறுத்தல். பெண் கல்விக்காக அத்தனை எழுதினவர், ஞானாம்பாளுக்கு ஆண் உடுப்பை மாட்டித்தான் சிம்மாசனத்தில் உட்கார வைக்கிறார். பாத்திரங்களுக்குள்ளே புகுந்து பார்க்கிற நாவலுக்கு 1893ல் தொடராக ஆரம்பிச்ச ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம் வரை காத்திருக்கணும்.

ஆனால் 'நடுநடுவுல உபதேசம்'னு நாம தாண்டிப் போற இடத்தில்தான் அவர் உயிர் இருக்கு. ராஜாவான ஞானாம்பாள் வாயிலாக ஒரு வாதம் வருது: தமிழ்நாட்டில், தமிழ் ஜனங்களின் வழக்கை, தமிழ் தெரிந்த நீதிபதி முன்னாடி, தமிழ் வக்கீல்கள் இங்கிலீஷில் ஏன் வாதாடணும்? வழக்குப் போட்டவனுக்கே தன் வழக்கில் என்ன பேசறாங்கன்னு தெரியலையே? இது உபதேசம் இல்லைங்க. பதினஞ்சு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே கை கட்டி முழிச்சுக்கிட்டு நின்னவங்களைப் பார்த்தவரின் கோபம்.

இதில் இவர் தனி ஆளும் இல்லை. 1865ல் துர்கேசநந்தினி எழுதின பங்கிம் சந்திரர் டெபுடி மாஜிஸ்ட்ரேட். 1889ல், அதாவது வேதநாயகம் பிள்ளை காலமான அதே வருஷம், மலையாளத்தில் இந்துலேகா எழுதின சந்து மேனன் பரப்பனங்காடியில் முன்சீப்! ஒடியாவின் பகீர் மோகன் சேனாபதி சமஸ்தான நிர்வாகி, அவரோட பேர்போன நாவலே ஒரு நிலத்தை அபகரிக்கிற கதை. தெலுங்கின் வீரேசலிங்கம் மட்டும் வாத்தியாராப் போயிட்டார். இந்திய நாவலோட பிறப்புச் சான்றிதழை கோர்ட் வாசலில் தேடறது ஒண்ணும் தப்பில்லைன்னு தோணுது.

ஞானாம்பாள் கேட்ட கேள்வி? கீழ்க் கோர்ட்டுகளில் தமிழுக்கு இடம் வந்தாச்சு. உயர்நீதிமன்றத்திலும் தமிழ் வேணும்னு 2006ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர்நீதிமன்றங்களில் இந்திக்குக் கிடைத்த அந்த அனுமதி தமிழுக்கு இன்னும் கிடைக்கலை.