பரிசும் படியும்

1968-ஆம் வருஷம் செப்டம்பர் 9-ந் தேதி, நியூயார்க் நகரத்து ஃபாரஸ்ட் ஹில்ஸ் மைதானத்தில் ஆர்தர் ஆஷ் என்ற 25 வயதுக் கறுப்பர் இன இளைஞர், ஹாலந்து தேசத்து டாம் ஆக்கரை 14-12, 5-7, 6-3, 3-6, 6-3 என்று தோற்கடித்தார். முதலாவது அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் பந்தயத்தின் கடைசி ஆட்டம் அது. முதல் பரிசு 14,000 டாலர். அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு போனவர் யார் தெரியுமோ? தோற்றுப்போன ஆக்கர்! ஜயித்த ஆஷுக்குக் கோப்பையும், நாளொன்றுக்கு 20 டாலர் வீதம் படியும் கிடைத்தன. படி மொத்தம் 280 டாலர்.

ஆக்கர் பணத்துக்கு ஆடுகிறவர் என்று பதிவு செய்துகொண்டவர், ஆஷ் அமெச்சூர். அமெச்சூர் என்பவன் பரிசுப் பணத்தைத் தொடக்கூடாது என்பது சட்டம்.

அமெச்சூர் என்ற வார்த்தை நமக்குப் புதிதல்ல. பகலெல்லாம் ஆபீசில் கணக்கு எழுதிவிட்டு, சாயங்காலம் அரிதாரம் பூசிக்கொள்ளும் நாடகக் கோஷ்டிகளை அப்படித்தான் அழைத்தோம். அவர்களுக்காவது ஒன்றாந் தேதி சம்பளம் என்று ஒன்று உண்டு. டென்னிஸில் இந்த விதியைச் செய்த கனவான்களுக்கோ சம்பளமே தேவைப்படவில்லை, சொத்து இருந்தது. காசுக்கு எழுதினால் எழுத்துக் கெட்டுவிடும் என்று எனக்கும் புத்தி சொல்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். விசாரித்துப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் ஊரில் நன்செய் இருக்கும்.

பாஞ்சோ கொன்ஸாலெஸுக்கு நன்செய் கிடையாது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில், மெக்ஸிகோ வம்சத்து எளிய குடும்பத்தில் பிறந்தவர். 1948, 1949 இரண்டு வருஷமும் அமெரிக்கச் சாம்பியன் பட்டம் அவருக்குத்தான். பட்டத்தைச் சோற்றில் பிசைந்து சாப்பிட முடியாதே! 1949-ல் ஜாக் கிராமரோடு ஊர் ஊராகப் போய்ப் பணத்துக்கு ஆட ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்துத் தொழில் ஆட்டம் ஏறக்குறைய நம் நாடகக் கம்பெனி வாழ்க்கைதான். இன்றிரவு ஓர் ஊர், நாளை இரவு வேறோர் ஊர். உடற்பயிற்சிக் கூடத்துத் தரையில் கித்தானை விரித்து ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் அதைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊர். அந்த முதல் சுற்றில் கிராமர் 96 ஆட்டம் ஜயித்தார், கொன்ஸாலெஸ் 27.

தோல்வி பெரிய நஷ்டமல்ல. காசு வாங்கிய குற்றத்துக்காக விம்பிள்டன், ஃபாரஸ்ட் ஹில்ஸ் ஆகிய கதவுகளெல்லாம் அவருக்குச் சாத்தப்பட்டுவிட்டன. பிற்பாடு அவர் கிராமரையும் மிஞ்சி, உலகத்தில் தமக்கு நிகரில்லை என்று பெயர் வாங்கிய நாளிலும் திறக்கவில்லை. உள்ளே ஆடிய சுத்தமான அமெச்சூர்களில் பலர், பிரயாணச் செலவு என்ற பெயரில் கவருக்குள் பணம் வாங்கிக்கொண்டிருந்தது ஊரறிந்த ரகசியம். 1968 ஏப்ரலில் இங்கிலாந்தின் போர்ன்மத் நகரில் முதன்முதலாக இரு சாராரையும் சேர்த்து ஆட விட்டார்கள். அடுத்த மாதம் கொன்ஸாலெஸுக்கு 40 வயது நிறைந்தது.

கிராமர் நம் ராமநாதன் கிருஷ்ணனையும் அழைத்துப் பார்த்தார். 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவரல்லவா? கிருஷ்ணன் போகவில்லை. போயிருந்தால் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக ஆட முடியாது. 1966-ல் நாம் கண்ட இறுதிப் போட்டியும் இருந்திருக்காது.

ஆஷ் வளர்ந்தது வர்ஜீனியா மாகாணத்து ரிச்மண்டில், கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய ஒரு பூங்காவுக்குள். தகப்பனார் அந்தப் பூங்காவின் காவலர்; வீடும் அதற்குள்ளேயே. 6 வயதில் தாயை இழந்தான் பையன். நகரத்தின் நல்ல மைதானங்களில் அவன் கால் வைக்க முடியாது. ராபர்ட் வால்டர் ஜான்சன் என்ற கறுப்பர் இன வைத்தியர், கோடை விடுமுறையில் தம் வீட்டு மைதானத்தில் சிறுவர்களைச் சேர்த்துப் பழக்கினார். அவர் போட்ட விதி ஒன்று எனக்கு மிகவும் வருத்தம் தருவது. கோட்டுக்கு வெளியே 2 அங்குலம் வரை விழுகிற பந்தை, உள்ளே விழுந்ததாகவே கொண்டு ஆட வேண்டும், வாய் திறக்கக்கூடாது. வெள்ளைக்காரப் பையன் சண்டை போட்டால் கோபக்காரன் என்பார்கள். இவன் போட்டால் இனி வரவே விடமாட்டார்கள்.

1961-ல் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலை உபகாரச் சம்பளம் கொடுத்து ஆஷைச் சேர்த்துக்கொண்டது. அங்கேயும், சகமாணவர்களை அழைத்த ஒரு கிளப் அவரை மட்டும் அழைக்கவில்லை. சிறு பிராயத்தில் தெய்வமாக நினைத்த கொன்ஸாலெஸ் அதே ஊரில் இருந்து யோசனை சொன்னது ஒரு பாக்கியம். 1963-ல் டேவிஸ் கோப்பைக் குழுவில் இடம்; 1965-ல் அமெரிக்கக் கல்லூரிகளின் சாம்பியன்; 1966-ல் பட்டம். எதில் பட்டம் என்கிறீர்கள்? வியாபார நிர்வாகத்தில்! அப்படிப்பட்டவர்தான் 14,000 டாலரை விட்டுக்கொடுத்தார்.

விட்டுக்கொடுக்க அவருக்கு முடிந்ததும் நாடகக் கோஷ்டிக்காரர்கள் மாதிரிதான். அப்போது அவர் ராணுவத்தில் லெப்டினன்ட். வெஸ்ட் பாயின்ட்டில் உத்தியோகம், மாதச் சம்பளம். காசுக்கு ஆட ஒப்பந்தம் செய்துகொண்டால் டேவிஸ் கோப்பை போய்விடும். அந்த டிசம்பரில் அடிலெய்டில் ஆஸ்திரேலியாவை வென்று, 5 வருஷத்துக்குப் பிறகு அமெரிக்கா அந்தக் கோப்பையைத் திரும்பப் பெற்றது. ஃபாரஸ்ட் ஹில்ஸில் பரிசளிப்பின்போது பூங்காக் காவலர் மகன் பக்கத்தில் நின்று அழுதார். எனக்கென்னவோ அந்தக் கண்ணீரில் டாலர் கணக்கு இருந்திருக்காது என்றே படுகிறது.

1969-ல் ராணுவத்தை விட்டார். 1970-ல் டெக்ஸாஸ் செல்வந்தர் லமார் ஹன்ட்டின் தொழில்முறைக் குழுவில் சேர்ந்தார். 1972-ல் ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டபோது முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். 1974-ல் அதன் தலைவர். 1975-ல் ஜிம்மி கானர்ஸை விம்பிள்டனில் வென்றார். பரிசு 10,000 பவுன்.

அதற்கு முன்பே, 1973 நவம்பரில், பலமுறை அனுமதி மறுத்த தென்னாப்பிரிக்கா அவரை உள்ளே விட்டது. ஜோஹன்னஸ்பர்க் ஒற்றையர் இறுதியில் கானர்ஸிடம் தோற்றார். இரட்டையர் பட்டம் அவருக்குக் கிடைத்தது. கூட ஆடியவர் டாம் ஆக்கர்.