கல்நார் தூசியும் தொழிலாளருக்குரிய இழப்பீடும்

கல்நார் என்று தமிழில் நாம் அழைக்கும் ஆஸ்பெஸ்டாஸ், நம்மில் பலருக்கும் கூரை ஷீட்டாகத்தான் அறிமுகம். ஆனால் இதே கனிமம் வாகனங்களின் பிரேக் லைனிங்கிலும், கொதிகலன்களைச் சுற்றிய உறையிலும், குழாய் இணைப்புகளின் கேஸ்கெட்டிலும் பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. போத்தனூர், அரக்கோணம் போன்ற ஊர்களின் ஷீட் ஆலைகளிலும், அனல்மின் நிலையங்களிலும், கப்பல் உடைக்கும் தளங்களிலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் பலர். அத்தகையோரில் ஒருவருக்கு அறுபது வயதுக்கு மேல் மூச்சு வாங்கத் தொடங்கினால், "வயதாகிவிட்டது" என்றோ, "பீடி குடித்ததன் பலன்" என்றோ சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அது தொழிலால் வந்த நோயாக இருந்தால் சட்டப்படி அவருக்கு உரிய தொகை ஒன்று உண்டு. அது என்ன, அதைப் பெற விடாமல் தடுப்பது எது என்பதைச் சற்று விரிவாகவே சிந்திப்போம்.

முதலில் நோயைப் பற்றி. கல்நாரை அரைக்கும்போதும், அறுக்கும்போதும், துளையிடும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் காற்றில் பறக்கின்றன. நுரையீரலுக்குள் போன இழைகள் அழிவதில்லை. நுரையீரல் மெல்ல மெல்லத் தழும்பேறி இறுகிப் போவது ஆஸ்பெஸ்டோசிஸ். அதே இழைகள் நுரையீரல் புற்றுநோயையும், நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் கொடிய புற்றுநோயையும் உண்டாக்குகின்றன. கல்நாரின் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. (வீட்டுக் கூரையில் உடையாமல் கிடக்கும் ஷீட்டைக் கண்டு உடனே அஞ்சத் தேவையில்லை; அதை அறுப்பதும் உடைப்பதும்தான் ஆபத்து.)

இந்நோய்களின் தனித்தன்மை காலதாமதம். தூசியைச் சுவாசித்த நாளுக்கும் நோய் தெரியும் நாளுக்கும் இடையே 20, 30, சில சமயம் 40 ஆண்டுகளும் கடந்துவிடுகின்றன. அதற்குள் தொழிலாளி ஓய்வு பெற்றிருப்பார்; ஆலை கைமாறியிருக்கும், அல்லது மூடப்பட்டிருக்கும்; உடன் வேலை செய்தவர்களில் சிலர் இறந்திருப்பார்கள். கை வெட்டுப்பட்டால் அன்றே எல்லாரும் பார்க்கிறார்கள். நுரையீரலில் பட்ட காயத்துக்கு அப்படி யாரும் சாட்சி இல்லை. இழப்பீட்டுச் சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் வேர் இதுவே.

நம் நாட்டுச் சட்டம் இந்நோய்களைத் தெளிவாகவே ஏற்றுக்கொள்கிறது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும், நாம் இ.எஸ்.ஐ. என்று சொல்லும் 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும் தத்தம் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோய்களைப் பட்டியலிட்டிருந்தன. ஆஸ்பெஸ்டோசிஸ், கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோய், மீசோதீலியோமா ஆகிய மூன்றும் அதில் உண்டு. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இவ்விரு சட்டங்களின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. நோய்ப் பட்டியல் அதிலும் மூன்றாம் அட்டவணையாகவே தொடர்கிறது.

பட்டியலில் இடம்பெறுவதால் என்ன பயன் என்று கேட்கலாம். பெரும் பயன் உண்டு. கல்நாரோடு தொடர்புடைய வேலையில் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து இருந்தவருக்கு அதனால் வரும் புற்றுநோயோ மீசோதீலியோமாவோ ஏற்பட்டால், அது வேலையில் நேர்ந்த விபத்துக் காயமாகவே கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு எதிர்த்தரப்பைச் சேர்ந்தது. ஆஸ்பெஸ்டோசிஸுக்கு எவ்வளவு காலம் வேலை செய்திருக்க வேண்டும் என்பதைத் தனியே வரையறுக்கிறார்கள். "இவர் புகைபிடித்தவர்" என்று சொல்லிவிட்டால் கோரிக்கை முடிந்துவிட்டது என எண்ண வேண்டாம். மீசோதீலியோமாவுக்கும் புகைப்பழக்கத்துக்கும் தொடர்பில்லை. நுரையீரல் புற்றுநோயிலோ, கல்நாரும் புகையும் சேரும்போது ஆபத்து பல மடங்கு கூடுகிறது என்பதுதான் மருத்துவம் சொல்வது. புகைத்தார் என்பதற்காகத் தூசி குற்றமற்றதாகிவிடாது.

இ.எஸ்.ஐ.யில் பதிவு பெற்ற தொழிலாளிக்கு வழி ஓரளவு எளிது. மருத்துவக் குழு அவரைப் பரிசோதித்து, சம்பாதிக்கும் திறனில் எத்தனை விழுக்காடு குறைந்துள்ளது என்று முடிவு செய்யும். முழு இயலாமை என்றால் சராசரிக் கூலியில் 90 விழுக்காடு அவர் வாழ்நாள் முழுவதும் கிடைக்கும். பகுதி இயலாமை என்றால் அந்த விகிதப்படி. மாதம் 15,000 ரூபாய் கூலி பெற்றவரை எடுத்துக்கொள்வோம். முழு இயலாமைக்கு ஏறத்தாழ 13,500 ரூபாய். 30 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 4,050 ரூபாய். நோயால் அவர் இறந்துவிட்டால் அதே 90 விழுக்காடு சார்ந்தோர் உதவித்தொகையாகக் குடும்பத்துக்கு வரும். அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு. தகுதியுள்ள பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஐந்தில் இரண்டு பங்கு. கூட்டுத் தொகை மிகுந்தால் எல்லாருடைய பங்கும் அதற்கேற்பக் குறையும்.

பலருக்குத் தெரியாத சலுகை ஒன்றும் உண்டு. குறைந்தது ஐந்து ஆண்டுகள் காப்பீட்டில் இருந்து வயது முதிர்வால் ஓய்வு பெற்றவரும், தொழிற்காயத்தால் நிரந்தர இயலாமை அடைந்து வேலையை இழந்தவரும் ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தினால் போதும். தமக்கும் தம் வாழ்க்கைத் துணைக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைத் தொடர்ந்து பெறலாம். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வெளிப்படும் நோயைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி ஏது?

இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே உள்ளோருக்கு, முதலாளி நேரடியாகத் தரவேண்டிய இழப்பீடு. இதில் ஒரே தொகையாகக் கிடைக்கும். முழு இயலாமைக்கு மாதக் கூலியில் 60 விழுக்காட்டையும், இறப்புக்கு 50 விழுக்காட்டையும், வயதுக்கேற்ற காரணி எண்ணால் பெருக்க வேண்டும். 55 வயதுக்கான எண் 135.56. கணக்கில் கொள்ளும் கூலிக்கு 2020 ஜனவரியில் வைத்த 15,000 ரூபாய் வரம்பின்படி பார்த்தால், முழு இயலாமைக்கு 12,20,040 ரூபாயும் இறப்புக்கு 10,16,700 ரூபாயும் வரும். ஒரே நோய்க்கு இ.எஸ்.ஐ. உதவியும் இந்த இழப்பீடும் சேர்த்துப் பெற முடியாது.

இந்த வழியில்தான் காலத்தின் முள் குத்துகிறது. விண்ணப்பிக்கப் பொதுவான கெடு இரண்டு ஆண்டுகள். வேலையை விட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் நோயின் அறிகுறி தெரிந்தால், தெரிந்த நாளையே விபத்து நடந்த நாளாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. முப்பது ஆண்டு கழித்து வரும் நோய்க்கு இரண்டு ஆண்டுக் கணக்கு எந்த அளவுக்குப் பொருந்தும்? கதவு முற்றிலும் அடைக்கப்படவில்லை என்பது உண்மை. வேலையை விட்டபின் வந்த நோயும் அந்த வேலையால்தான் வந்தது என்று நிரூபித்தால் ஏற்கப்படும். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கவும் ஆணையருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அப்போது நிரூபிக்கும் சுமை மூச்சு வாங்கும் முதியவரின் தோளில் விழுகிறது.

இதை 1995ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் உணர்ந்தது. அகமதாபாத்தைச் சேர்ந்த நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த பொதுநல வழக்கில், அந்த ஆண்டு ஜனவரி 27 அன்று தீர்ப்பு வந்தது. தொழிலாளியின் உடல்நலம், அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிபதிகள் அறிவித்தார்கள். கல்நார்த் தொழிலில் உள்ள ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும், அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்ட பிறகு 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை நிர்வாகம் பாதுகாக்க வேண்டும் என்றும், எல்லாத் தொழிலாளர்களையும் காப்பீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்றும் ஆணையிட்டார்கள். தேசியத் தொழில்நல நிறுவனத்தின் பரிசோதனையில் நோய் உறுதியாகும் குஜராத் தொழிலாளர்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் வழங்கவும் உத்தரவாயிற்று.

இதில் அந்த ஒரு லட்சத்தை விடவும் பதிவேட்டைப் பற்றிய ஆணையையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். பணம் ஒருமுறை வந்து செலவாகிவிடும். நாற்பது ஆண்டு நிற்கும் பதிவேடோ, இன்னும் நோய் தெரியாத ஒருவரின் நாளைய உரிமையைக் காப்பது. ஆண்டு முழுவதும் மூச்சுப் பரிசோதனை செய்து, அதன் தாளைத் தொழிலாளியின் கண்ணில்கூடக் காட்டாமல் அலமாரியில் பூட்டி வைக்கும் வழக்கத்தால் யாருக்கு என்ன நன்மை?

ஆலையின் வருகைப் பதிவில் பெயர் இருப்பவருக்கே இத்தனை சிக்கல் என்றால், பெயரே இல்லாதவர் கதி என்ன? ஒப்பந்தக்காரர் அழைத்து வந்த கூலியாள், பழைய கூரையைப் பிரித்த கட்டடத் தொழிலாளி, பட்டறையில் பிரேக் ஷூவை ஊதித் துடைத்த மெக்கானிக் ஆகியோருக்குத் தூசி உண்டு, அதற்கான எழுத்துச் சான்று இல்லை. அரசு அறிவிக்கும் அபாயகரமான தொழிலில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் இ.எஸ்.ஐ.யை விரிவாக்க புதிய தொகுப்பு இடம் தருகிறது. இது உண்மையில் செயல்பட்டால் சிறு பட்டறைகளுக்கு நல்லது. மாநிலத்தின் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்வதும் ஓரளவு கைகொடுக்கும். ஆயினும் தொழில்சார் நோய்க்கான இழப்பீட்டுக்கு அது ஈடாகாது.

இன்னும் ஒருவர் இருக்கிறார்: தூசி படிந்த உடுப்பை ஒவ்வொரு மாலையும் உதறித் துவைத்த மனைவி. 1965ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியான ஓர் ஆய்வு, மீசோதீலியோமா நோயாளிகளில் சிலர் ஆலைக்குள் காலடியே வைக்காதவர்கள் என்று கண்டது; அவர்கள் தொழிலாளியோடு ஒரே வீட்டிலோ, ஆலைக்கு அரை மைல் தொலைவுக்குள்ளோ வாழ்ந்தவர்கள். தொழிலாளி என்ற பெயர் இல்லாததால் நம் சட்டத்தில் இவர்களுக்கு இடமே இல்லை.

வேறு நாட்டில் இந்தக் கதவு எப்படித் திறந்தது என்று பார்ப்பது பயன் தரும். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் இழை நூற்ற நெல்லி கெர்ஷா என்ற பெண், 1924ஆம் ஆண்டில் தம் 33ஆம் வயதில் இறந்தார். இது வேலையால் வந்த நோய் என்று சொல்லி நலக் காப்பீட்டுச் சங்கம் உதவி மறுத்தது. தங்கள் பொறுப்பல்ல என்று ஆலையும் மறுத்தது. அடக்கச் செலவுக்குக்கூட ஆலை பணம் தரவில்லை. அவர் மரணம் பற்றி மருத்துவ இதழில் வெளியான கட்டுரையும், 1930இல் அரசு ஆய்வாளர்கள் தந்த அறிக்கையும் சேர்ந்து, 1931இல் ஆஸ்பெஸ்டோசிஸை இழப்பீட்டுக்குரிய நோயாக்கின. 1979இல் வந்த ஒரு சட்டம், மூடப்பட்ட ஆலைகளின் தொழிலாளருக்கு அரசே ஒரு தொகை வழங்க வழி செய்தது. 2008 அக்டோபரில் தொடங்கிய திட்டமோ, கணவரின் உடையைத் துவைத்த மனைவியரையும், ஆலையருகே வாழ்ந்தோரையும், சுயதொழில் செய்தோரையும் மீசோதீலியோமாவுக்கான உதவிக்குள் சேர்த்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டம், முதலாளியையோ அவருடைய காப்பீட்டு நிறுவனத்தையோ கண்டுபிடிக்க முடியாத தொழிலாளருக்காகக் காப்பீட்டு நிறுவனங்களிடமே வரி வசூலித்துக் கொடுக்கிறது. "உன் முதலாளி எங்கே?" என்று நோயாளியிடம் கேட்பதை அந்நாடு கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டது எனலாம். நாம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கல்நாரையும் ரஷ்யா, கசகஸ்தான், பிரேசில் நாடுகளிலிருந்து இறக்குமதி செய்துகொண்டிருக்கிறோம்.

நம் பங்கு மக்கள் செய்யக்கூடியது என்ன? மருத்துவரிடம் போகும்போது, செய்த வேலையைச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். எந்த ஆலை, எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டு என்பது நோயாளிச் சீட்டில் எழுதப்பட வேண்டும். காசநோய் மருந்து மாதக்கணக்கில் தின்றும் குணமாகாதவர்கள் இதில் முக்கியமாகக் கவனம் செலுத்த வேண்டும். ஆலைத் தொழிலாளிக்குப் பட்டியலிட்ட தொழில்சார் நோய் இருப்பதைக் கண்ட மருத்துவர், அதைத் தொழிற்சாலைத் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், திசுப் பரிசோதனை அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றோடு, பழைய சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, வருங்கால வைப்பு நிதி எண், ஆலையின் அடையாள அட்டை, போனஸ் சீட்டு எதுவானாலும் பத்திரப்படுத்துங்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து குப்பைக்குப் போகும் டிரங்குப் பெட்டிக் காகிதங்களில்தான் இந்த வழக்குகளின் உயிர் இருக்கிறது. எதுவும் இல்லாதவர்கள், உடன் வேலை செய்தவர்களிடம், அவர்கள் உயிரோடிருக்கும்போதே எழுத்து வாக்குமூலம் பெற்று வைப்பது நல்லது.

பங்கு அலுவலகமும் இதில் உதவலாம். கைம்பெண் சார்ந்தோர் உதவி கேட்கும்போது திருமணச் சான்றும், வயதை உறுதி செய்ய ஞானஸ்நானச் சான்றும் துணை ஆவணங்களாகப் பயன்படலாம். பழைய திருமணப் பதிவேட்டில் மணமகனின் தொழில் எழுதப்பட்டிருந்தால், அதன் சான்றிட்ட நகலையும் சேர்த்துக் கொடுக்கலாம். அன்பியக் கூட்டங்களிலும் வின்சென்ட் தே பவுல் சபையிலும் படித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஒருவருக்குத் துணையாக இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம் வரை போய் வருவது அவர்களால் முடியாததல்ல.

இ.எஸ்.ஐ. இருப்பவர் அதன் கிளை அலுவலகத்தில் விண்ணப்பித்து, மருத்துவக் குழுவின் முன் நிறுத்தும்படி கேட்க வேண்டும். குழுவின் விழுக்காட்டில் உடன்பாடு இல்லையேல் மேல்முறையீடு உண்டு. இ.எஸ்.ஐ. இல்லாதவர், தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையராகச் செயல்படும் அதிகாரியிடம் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளருக்கும் பெண்களுக்கும் பட்டியலினத்தாருக்கும் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. அங்கே விண்ணப்பம் கொடுத்தால் வழக்கறிஞரை அவர்களே நியமிப்பார்கள்.