இலங்கை மாதர் வாக்குரிமைச் சங்கமும் தோட்டப் பெண்களும்

1927ஆம் ஆண்டின் பிற்பகுதியில் டொனமூர் பிரபுவின் தலைமையில் அரசியல் விசாரணைக் குழு ஒன்று கொழும்பு வந்து சேர்ந்தது. அந்நாளில் இலங்கை மக்களுள் நூற்றுக்கு நால்வர் அளவினரே வாக்குரிமை பெற்றிருந்தனர். அவர்களும் சொத்தோ வருமானமோ கல்வியோ உடைய ஆடவர்களே. பெண் ஒருத்தியேனும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

குழு வந்திருந்த நாட்களிலேயே, அவ்வாண்டு டிசம்பரில், மாதர் வாக்குரிமைச் சங்கம் தோன்றியது. தலைவராய் அமர்ந்தவர் டெய்சி டயஸ் பண்டாரநாயக்கா சீமாட்டியார். பின்னாளில் பிரதமரான பண்டாரநாயக்காவின் அன்னையார். ஊக்கமே உருவாய் நின்று செயலாளர் பணி ஆற்றியவர் அக்னஸ் டி சில்வா அம்மையார். கனடாவில் பிறந்து தமிழர் ஒருவரை மணந்து கொழும்பில் மருத்துவத் தொண்டு செய்த மேரி இரத்தினம் அம்மையாரும், நேசம் சரவணமுத்து அம்மையாரும் உடன் உழைத்தனர். சிங்களர், தமிழர், பறங்கியர் என்ற வேற்றுமை அச்சங்கத்தில் இல்லை. ஆயினும் உறுப்பினர் பெரும்பாலார் செல்வக் குடும்பத்தினர் என்பதை மறைப்பதற்கில்லை.

எதிர்ப்பும் வலுவாகவே இருந்தது. தமிழரின் பெருந்தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கு வாக்களிப்பதை வன்மையாக மறுத்தார். பெண் கல்விக்கெனக் கல்லூரி நிறுவிய அப்பெரியார் இங்ஙனம் நின்றது வியப்பே.

சங்கத்து மாதர் குழுவின்முன் சாட்சியம் அளித்தபோது எழுந்த ஒரு வினாவே இவ்வரலாற்றின் உயிர்நிலை. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமோ என்று கேட்கப்பட்டது. அக்காலச் சிங்களத் தலைவர் பலர் தோட்டத் தமிழருக்கு வாக்களிக்க அஞ்சியவர்கள். அம்மையார் தம் வகுப்பாருக்கு மட்டும் கேட்டுப் பெற்றுக்கொண்டு வந்திருக்கலாம். அவரோ தயங்காமல், அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று விடையிறுத்தார். கொழுந்துக் கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணுக்காக அந்த மன்றத்தில் பேசியவர் தமிழரல்லர். பறங்கியர் குலத்தில் தோன்றியவர்.

1928இல் வெளிவந்த அறிக்கை ஆடவருக்கு 21 வயதிலும் பெண்டிருக்கு 30 வயதிலும் வாக்கு அளிக்கலாம் என்றது. வயது வேற்றுமை பின்னர் நீக்கப்பட்டது. 1931இல் நடந்த அரசாங்க சபைத் தேர்தலில் 21 வயது நிரம்பிய மாதரும் வாக்களித்தனர். அவ்வாண்டு நவம்பரில் அடலின் மொலமுறே இடைத்தேர்தலில் வென்று சபை புகுந்தார். மறு ஆண்டு கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து வென்றார். 1936இலும் அத்தொகுதி அவரையே தேர்ந்தெடுத்தது.

தோட்டப் பெண்களின் கதி வேறு. அறிக்கை வெளியானதும் சட்டமன்றத்தில் எழுந்த எதிர்ப்பால், இந்தியத் தமிழருக்கு நிலையான குடியிருப்பைக் காட்டும் சான்றோ, சொத்து, எழுத்தறிவுத் தகுதியோ வேண்டுமென்ற கட்டுப்பாடு வந்தது. இவற்றைத் தாண்டி வாக்குப் பெற்றவர்களும் நெடுநாள் அதனை நுகரவில்லை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசார் எழுவர் வென்றனர். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட, தோட்ட மக்களுள் மிகப் பெரும்பாலார், ஆணும் பெண்ணுமாக, வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது.